இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி

நாற்பத்தெட்டு வயதாகிறது, எனக்கு இன்னும் கண்ணாடி தேவைப்படவில்லை. எங்கள் தெருவில் என் வயதுக்காரர்கள் எல்லோரும் செய்தித்தாளைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துத்தான் படிக்கிறார்கள். நான் முந்தானை டிசைனைக் கட்டம் கட்டமாகப் பார்த்து, ஒரு கட்டம் பிசகியிருந்தாலும் விரல் வைத்துக் காட்டிவிடுவேன். அப்பாவுக்கும் அப்படித்தான், கடைசி வரைக்கும் கண் நன்றாக இருந்தது.

உட்காருங்கள், தென்னரசு. சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்த அலுப்பு முகத்தில் தெரிகிறது. என் மனைவி ஹேமலதா காப்பி கொண்டுவருவாள். பேசுவதைப் போனில் பதிவு செய்யலாமா என்று கேட்டீர்கள். தாராளமாகச் செய்யுங்கள். நேரில் வருகிறேன் என்று நீங்கள் எழுதியதுமே வாருங்கள் என்று பதில் போட்டவன் நான். ஒளிக்கிறவன் அப்படிச் செய்யமாட்டான்.

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் இந்தப் பதிவை நாளைக்கு வேறு யாராவது கேட்கலாம், அதனால் ஆதியிலிருந்து சொல்கிறேன். என் தொழில் பட்டுச் சேலைக்கு டிசைன் போட்டு, தறிமேல் இருந்து இழைகளைத் தூக்குகிற ஜக்கார்டு பெட்டிக்கு அதைக் கொடுப்பது. முன்பு அட்டையில் ஓட்டை குத்திக் கொடுத்தோம். இப்போது பாதிப்பேருக்குக் கம்ப்யூட்டர் ஃபைல்தான். விலைக்கு விற்கிற மென்பொருளை வாங்க என்னால் முடியாது, அதனால் காசில்லாமல் கிடைக்கிற லினக்ஸ் பக்கம் போனேன். வரைந்த டிசைனை ஜக்கார்டு புரிந்துகொள்ளும் ஃபைலாக மாற்ற ஒரு புரோகிராம் எழுதினேன். தறிக்கட்டம் என்று பெயர் வைத்தேன். என்னைப்போல இருப்பவர்களுக்கும் உதவட்டும் என்று அதை பேக்கேஜாகக் கட்டி, இணையத்தில் உங்கள் குழு நடத்துகிற பொது அலமாரியில் வைத்தேன். காசு இல்லை, ஒன்றும் இல்லை. அதற்கான வலைப்பக்கத்தில் என் பெயர் இருக்கும், அவ்வளவுதான். பராமரிப்பவர், வேணுகோபால், ஆரணி. ஏழு வருடம் அப்படி இருந்தது.

பேக்கேஜ் என்பது ஒரு செய்முறைக் குறிப்பு. எங்கிருந்து எதை எடுப்பது, எப்படிச் சேர்ப்பது, எங்கே வைப்பது என்று வரிவரியாக எழுதியிருக்கும். யார் வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம் என்பதால், படித்துப் பார்த்துவிட்டு நிறுவுங்கள் என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறீர்கள். ஹேமலதா இருபத்திரண்டு வருடமாகச் சமைக்கிறாள், இன்றைக்கும் ஜாமூன் மாவு வாங்கினால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் பிரிப்பாள். ஆனால் நம் ஆட்கள் யாரும் செய்முறையைப் படிப்பதில்லை. நீங்களும் படிப்பதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். தமிழ் ஆட்களில் ஒரே ஒருவன்தான் எல்லாவற்றையும் கடைசி வரி வரைக்கும் படித்தான். அவனுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது.

இளவரசனுக்குப் பெரணமல்லூர்ப் பக்கம் ஒரு கிராமம். அவன் அப்பா சின்னதுரை களம்பூரில் அரிசி மில்லில் மூட்டை தூக்கியவர். இவன் படித்து, வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தான். என்னைத் தேடி இந்தக் கடைக்கு அவனாகத்தான் வந்தான். "அண்ணா, திரைல கீற எழுத்த தமிழ்ல படிச்சிக் காட்ற குரல் ஒண்ணு கீது, ஆனா நம்ம சிஸ்டத்துல ஏறமாட்டேங்குது. நீங்க பேக்கேஜா கட்டிக் குடுத்தா எங்கள மாதிரி ஆளுங்களுக்கு ஒதவியா இருக்கும்" என்றான். கட்டிக் கொடுத்தேன். பத்து நாள் என் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்தேன். முதல் தடவை அந்தக் குரல் அவன் ஊர்ப் பெயரைச் சொன்னபோது அவன் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து அவன் காதில் விழுகிற ஒவ்வொரு எழுத்தும் நான் கட்டிய பேக்கேஜ் வழியாகத்தான் போனது.

வீட்டுக்கு வருவான், போவான். நாங்கள் வித்தியாசம் பார்க்கிறவர்கள் இல்லை. எங்கள் வீட்டு டம்ளரில்தான் காப்பி கொடுத்தோம். அவனுக்கென்று விளிம்பில் கோடு போட்ட டம்ளர் ஒன்றைத் தனியாக வைத்திருந்தோம், அது கைக்குப் பழகினால் அவனுக்குச் சுலபம் என்பதற்காக. ஹேமலதா அதைப் பின்கட்டில் வைத்திருப்பாள். அவன் ஒருநாளும் அதைப் பற்றி ஒன்றும் கேட்டதில்லை.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஆடி மாதம் அப்பா இறந்தார். முதல் நாளே இளவரசன் தங்கச்சி எழிலரசியைக் கூட்டிக்கொண்டு மாலையோடு வந்தான். பந்தலில் கடைசி நாற்காலியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தான். எங்களில் பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை தொழிலைத் தொடக் கூடாது. தறி வீட்டில் தறியைத் தொடமாட்டார்கள், எனக்குக் கம்ப்யூட்டர்தான் தறி. பதினாறு நாளும் அதன்மேல் துணி போட்டு மூடி வைத்திருந்தேன்.

உங்களிடம் ஒரு விதி இருக்கிறது. பேக்கேஜில் கோளாறு என்று யாராவது சொல்லி, பராமரிப்பவர் பதினான்கு நாள் பதில் சொல்லாவிட்டால், அதை ஆதரவற்றது என்று அறிவித்துவிடலாம். பிறகு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் அதற்கு வைத்திருக்கிற பெயர் அனாதை. எங்களுக்குப் பதினாறு நாள், உங்களுக்குப் பதினான்கு. பதினேழாம் நாள் காலையில் துணியை எடுத்துவிட்டுப் பார்த்தேன். தறிக்கட்டத்தின் பக்கத்தில் என் பெயர் இல்லை. பராமரிப்பவர் என்ற இடத்தில் இளவரசன் என்று இருந்தது.

தகப்பனுக்குப் பிண்டம் வைத்த கை காய்வதற்குள் என் பேக்கேஜை அனாதை என்று எழுதி, ஒருவன் எடுத்துக்கொண்டான். அதுவும் என் வீட்டில் துக்கம் என்று தெரிந்தவன், பந்தலில் வந்து உட்கார்ந்தவன். எனக்கு எரிந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் மச்சான் ஜெயக்குமார் விசைத்தறி வைத்திருக்கிறார், உங்களுக்குத் தெரியும். அவர் கேட்டுவிட்டு, "பாத்தியா மாமா? உள்ள வுட்டா நம்ம எடத்தையே புடிச்சிகினான். அவங்க புத்தி அப்படித்தான்" என்றார். அப்படியெல்லாம் பேசக் கூடாது என்று நான் அவரைக் கண்டித்தேன். என் மனதில் சாதி என்கிற எண்ணமே கிடையாது. ஆனால் ஒருவன் தன் இடத்தை மறக்கக் கூடாது, அதைத்தான் நான் சொல்கிறேன்.

மறுநாள் அவனே கடைக்கு வந்தான். "அண்ணா, தறிக்கட்டம் இப்ப என் பேர்ல கீதுங்க. அத பத்தி ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தான். "பரவால்ல பா. நீயே வெச்சிக்கோ" என்றேன். "இல்லண்ணா, நான் இன்னா சொல்ல வரேன்னா..." என்றான். "வெச்சிக்கோன்னு சொல்லிட்டேன் இல்ல" என்று எழுந்துவிட்டேன். பிறகும் மூன்று நான்கு தடவை அந்தப் பேச்சை எடுக்கப் பார்த்தான், நான் வேறு பேச்சுக்குப் போய்விட்டேன். திருடினவன் சமாதானம் சொல்வதை உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அதற்கப்புறம் அந்தச் செய்முறையை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. கடைக்கு என்னுடைய பழைய பதிப்பே போதும். முதல் வரியிலேயே அவன் பெயர் இருக்கும், அதை ஏன் பார்க்க வேண்டும்?

ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். என் கஞ்சி ஆறவில்லை. மூன்று வருடம் பொறுத்தேன். அதற்குள் அவன் பெரிய ஆளாகிவிட்டான். ஆரணியில் கம்ப்யூட்டர் வைத்த டிசைன்காரர்கள் எல்லோரும் தறிக்கட்டத்துக்கு மாறினார்கள். புதிதாக எது வந்தாலும், இளவரசன் படித்துவிட்டானா என்றுதான் நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள். அவன் படித்துவிட்டேன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நிறுவினீர்கள். அங்கேதான் எனக்கு வழி கிடைத்தது. உங்களுக்குக் கண் அவன். அவனுக்குக் கண் என் குரல் பேக்கேஜ். அது இன்னும் என் பெயரில்தான் இருந்தது.

அதில் சின்னதாக ஒரு மாற்றம் செய்தேன். எந்த வரியின் கடைசியில் நான் சொல்கிற குறி இருக்கிறதோ, அந்த வரியைக் குரல் வாசிக்காமல் தாண்டிவிடும். அதற்குப் பிறகு வருகிற வரிகளின் எண்ணையும் ஒன்று குறைத்துச் சொல்லும், எண்ணிப் பார்த்தாலும் தெரியாது. மாற்றியதை ஒளித்து வைக்கவில்லை. செய்முறையிலேயே பச்சையாக இருந்தது. உங்களில் யாராவது திறந்திருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பீர்கள். ஏழு மாதம் யாரும் திறக்கவில்லை. இளவரசன் திறந்தான். ஆனால் அந்த மாற்றத்தின் வரிகளிலும் குறி போட்டிருந்தேன். நானே புதுப் பதிப்பை ஏற்றித் தருகிறேன் என்று ஒருநாள் அவன் லேப்டாப்பை வாங்கி ஏற்றிக் கொடுத்தேன், அப்புறம்தான் அவன் படித்தான். "எல்லாம் சரியா கீதுண்ணா" என்றான்.

பிறகு குமரேசன், திருப்பூர் என்ற பெயரில் அவனுக்கு ஒரு திருத்தம் அனுப்பினேன். அப்படி ஒருவர் கிடையாது, நீங்கள் இரண்டு வாரம் தேடினீர்களாமே. புது மாடல் ஜக்கார்டுக்கு உதவும் திருத்தம், என்னிடமிருந்த பழைய பதிப்பை வைத்தே தனி ஃபைலாக எழுதினேன், நல்ல திருத்தம்தான். அதில் இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி மட்டும் வேறு. ஆவணி பிறந்ததும் அது வேலையைத் தொடங்கும். முந்தானையில் பறவை வந்தால் கழுத்தில்லாமல், கொடி வந்தால் நடுவில் அறுந்துபோய் ஃபைல் வரும். திரையில் சரியாகத்தான் தெரியும். தறியில் ஏறிய பிறகுதான் கோளாறு. முந்தானை கடைசியில் வருவது, அதனால் சேலை உடம்பு முழுக்க நெய்து முடித்த பிறகுதான் தெரியவரும்.

இளவரசன் அந்தத் திருத்தத்தை மூன்று நாள் கேட்டான். இரண்டு சின்னக் குறை கண்டுபிடித்து மரியாதையாகக் குமரேசனுக்கு எழுதினான். திருத்தி அனுப்பினேன். நன்றி சொல்லும் பட்டியலில் குமரேசன் பெயரைச் சேர்த்தான். அவனுக்கு நன்றி சொல்லத் தெரியும், யாருக்குச் சொல்ல வேண்டும் என்றுதான் தெரியவில்லை.

ஆவணியில் முப்பத்தாறு சேலை கெட்டது. எல்லாம் முகூர்த்தச் சேலை. ரங்கம்மாள் என்று ஒரு அம்மா, புருஷன் இல்லாதவர், இருபது நாள் உட்கார்ந்து நெய்ததைக் கடைக்காரர் வாங்காமல் முகத்துக்கு நேரே தள்ளிவிட்டார். அந்த அம்மா என் கடை வாசலில் நின்று அழுதது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தேன். மழை பெய்தால் நாலு பேர் நனையத்தான் செய்வார்கள்.

உங்கள் குழு இரண்டு நாளில் அந்த வரியைக் கண்டுபிடித்தது. ஜெயக்குமார் கொட்டகையில் எல்லோரும் கூடினார்கள். இளவரசனை அழைத்தார்கள், அவன் லேப்டாப்போடு வந்தான். அவன் எப்போதும் திரையை அணைத்துவிட்டுத்தான் வேலை செய்வான், பார்க்காத திரைக்கு பேட்டரி எதற்கு என்பான். இருநூற்றுப் பன்னிரண்டாவது வரியைக் காட்டு என்றார்கள். குரலைச் சத்தமாக வைத்தான். குரல் வாசித்தது. அவர்கள் சொன்னது அதில் இல்லை. மறுபடி வைத்தான். மேலே ஐந்து வரி, கீழே ஐந்து வரி வைத்தான். "இல்லீங்க. அந்த வரி இதுல இல்லீங்க. நான் பொய் சொல்லல" என்றான்.

ஜெயக்குமார் அச்செடுத்த தாளை ஆட்டினார். "சிவப்புல கோடு போட்டு வெச்சிகினு கீறோம், இல்லன்றியே. கண்ணு தெரியாதவன்னு நம்பி வுட்டா, எங்க எல்லாரையும் குருடனா ஆக்கப் பாக்கறியா?"

இளவரசன் நான் இருக்கிற பக்கம் திரும்பினான். நான் பேசவே இல்லை, ஆனாலும் எங்கே நிற்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. "அண்ணா, நீங்க படிச்சி சொல்லுங்கண்ணா. நீங்க சொன்னா நம்பறேன்" என்றான். தாளை வாங்கினேன். ஒரு எழுத்து விடாமல் படித்துக் காட்டினேன். "இருக்குது பா" என்றேன். கவனியுங்கள் தென்னரசு, இந்த விஷயத்தில் நான் அவனிடம் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.

அவன் வாதாடுவதை அங்கேயே நிறுத்திவிட்டான். அதை நான் எதிர்பார்க்கவில்லை. பெயர் கெடும், சண்டை போடுவான், பேக்கேஜைப் பிடுங்குவார்கள், அத்தோடு முடியும் என்றுதான் நினைத்திருந்தேன். அவனோ வீட்டுக்குப் போய் அதையே திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறான். எழிலரசி சொன்னாள், காலையில் ஆரம்பித்தால் சாப்பிடக்கூட எழுந்திருக்கமாட்டானாம். ஊருக்கெல்லாம் இருக்கிற வரி தன் காதில் மட்டும் ஏன் விழவில்லை என்பதுதான் அவன் கவலை. சென்னைக் கம்பெனி வேலையை விட்டு நிறுத்தியதைக்கூட அவன் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வேலூரில் ஒரு காது டாக்டரிடம் காட்ட வேண்டும் என்றான். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, ரோடு தாண்டும்போது கையைப் பிடித்துக்கொண்டு போனேன். டாக்டர் பரிசோதித்துவிட்டு, சாதாரண ஆளைவிட நன்றாகக் கேட்கிறது என்றார். நல்ல சேதிதான் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது கண்ணமங்கலம் தாண்டியதும் அவன் மெதுவாகக் கேட்டான்.

"காதுல கோளாறு இல்லன்னா, அப்ப தலைலதான கோளாறு, இல்லண்ணா?"

"அப்படி எல்லாம் இல்ல பா. கொஞ்ச நாள் ரெஸ்ட் எடு" என்றேன்.

"இத்தினி வருசமா நான் இன்னா இன்னாத்த கேக்காம வுட்டனோ. என்ன நம்பி எத்தினி பேரு போட்டாங்களோ. இனிமே எதுவும் படிக்கமாட்டேண்ணா" என்றான்.

நான் அவன் தோளைத் தட்டிக் கொடுத்தேன். அந்த நேரத்தில் எனக்கு நிம்மதியாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா போன பிறகு அன்றைக்குத்தான் வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

இப்போது அவன் லேப்டாப்பைத் தொடுவதில்லை. போனும் வேண்டாம் என்று தங்கச்சியிடம் கொடுத்துவிட்டானாம். யாராவது பேசினால் சொன்னதையே இரண்டு தடவை சொல்லச் சொல்கிறான், பிறகு எழிலரசியைக் கூப்பிட்டு, இதைத்தான் சொன்னாரா என்று கேட்கிறானாம். வேறு டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். எப்போதும் தூக்கம். அந்தப் பெண்தான் லேப்டாப்பை எடுத்துத் திரையைப் போட்டு, விரலை வரிமேல் வைத்துக்கொண்டு குரலைக் கேட்டிருக்கிறாள். விரல் இருநூற்றுப் பன்னிரண்டில் நின்றது, குரல் அடுத்ததற்குப் போய்விட்டது. உங்களுக்கு எழுதினாள். கெட்டிக்காரப் பெண்.

செய்தது நான்தான். குரல் பேக்கேஜ், குமரேசன், அந்த வரி, மூன்றும் நான். ரங்கம்மாளுக்கு என்ன உண்டோ அதைச் செய்துவிடுகிறேன். இளவரசனிடமும் நீங்கள் சொல்லிக்கொள்ளுங்கள், நான் தடுக்கமாட்டேன். ஆனால் நியாயத்தை எண்ணிப் பாருங்கள். இரண்டே இரண்டு நாள் அவன் பொறுத்திருக்கலாம். எடுத்ததுதான் எடுத்தான், ஏழு வருடம் உழைத்தவன் பெயரை ஒரு ஓரத்திலாவது விட்டு வைத்திருக்கலாம். அதைச் செய்திருந்தால் நான் ஒரு வார்த்தை பேசியிருக்கமாட்டேன்.

எதற்கு லேப்டாப்பை என் பக்கம் திருப்புகிறீர்கள்? தறிக்கட்டத்தின் செய்முறையா? சரி. முதல் வரியில் அவன் பெயர். அது தெரிந்ததுதானே. இரண்டாவது வரியைப் படிக்கச் சொல்கிறீர்கள், படிக்கிறேன். "எழுதியவர், உரியவர்: வேணுகோபால், ஆரணி." மூன்றாவது வரி. "அண்ணன் வீட்டில் துக்கம். வெளியூர்க்காரர் ஒருவர் இதை அனாதையாக்கக் கேட்டிருக்கிறார். வேறு யார் கைக்கும் போகாமல் நான் வாங்கி வைத்திருக்கிறேன். பதினாறாம் நாள் முடிந்து அண்ணன் வந்ததும் அவர் பெயருக்கே மாற்ற வேண்டும். இளவரசன்."

இதைப் பிறகு எழுதியிருப்பான். மாட்டிக்கொண்டதும் அனுதாபத்துக்காகப் போன மாதம் சேர்த்திருப்பான். அவனால் முடியாவிட்டால் தங்கச்சியை விட்டுச் சேர்த்திருப்பான். இதெல்லாம் எனக்குத் தெரியாதா?

பக்கத்திலேயே தேதி இருக்கிறது என்கிறீர்கள். ஒவ்வொரு வரியும் என்றைக்கு எழுதியது என்று அதில் தெரியும், யாராலும் மாற்ற முடியாது என்கிறீர்கள். இருக்கலாம். எழுத்து ரொம்பப் பொடியாக இருக்கிறது, தென்னரசு. எனக்கும் நாற்பத்தெட்டு வயதாகிறது. கண்ணாடி இல்லாமல் என்னால் படிக்க முடியவில்லை.